மெட்டு ஏன் மெலிந்தது?

1969ஆம் ஆண்டை ராக் இசையின் பொற்காலத்துக்குச் சான்றாகப் பலரும் காட்டுவார்கள். வுட்ஸ்டாக் விழா நடந்ததும், பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோட்' வெளிவந்ததும் அந்த ஆண்டில்தான். ஆனால், அமெரிக்காவின் 'பில்போர்டு' இதழ் அந்த ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டு முதலிடம் கொடுத்த பாடல் இவற்றோடு தொடர்புடையதல்ல. 'சுகர், சுகர்' என்னும் அந்தப் பாட்டைப் பாடியதாகச் சொல்லப்பட்ட 'ஆர்ச்சீஸ்' குழு நிஜத்தில் இல்லவே இல்லை. அது ஒரு தொலைக்காட்சி கார்ட்டூனில் வரும் பாத்திரங்களின் குழு. கூலிக்குப் பாடும் பாடகர்களை வைத்து ஸ்டூடியோவில் பதிவுசெய்த பாட்டு. பிரிட்டனிலும் இதே கதைதான். 1967இல் பீட்டில்ஸ் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' ஆகிய இரு பாடல்களை ஒரே இசைத்தட்டில் வெளியிட்டபோது, அது முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் பாடிய 'ரிலீஸ் மீ' என்ற காதல் பாட்டு. 1965, 1966, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்கே மிக அதிகமாக விற்ற இசைத்தொகுப்பு 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தினுடையது. அந்தக் காலத்து இளைஞர் எல்லோரும் புரட்சிகரமான இசையிலேயே மூழ்கிக் கிடந்தார்கள் என்ற சித்திரம் பிற்பாடு வரையப்பட்டது. காலம் பதரைத் தூற்றிவிட்டு மணியை மட்டும் நம் கையில் கொடுத்திருக்கிறது. நேற்றைய பத்து நல்ல பாடல்களை எடுத்துக்கொண்டு, இன்று காதில் விழுகிற அத்தனையோடும் ஒப்பிட்டால் இன்று தோற்கத்தான் செய்யும்.

வெகுஜன இசை சீரழிந்துவிட்டது என்ற புகாருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இது. பெரும்பாலோர் இத்தோடு விவாதத்தை முடித்துக்கொள்கிறார்கள். அப்படி முடித்துக்கொள்வது சோம்பல் என்பது என் எண்ணம். காலத்தின் வடிகட்டல்தான் சிக்கல் என்றால், அந்த வடிகட்டலை விலக்கிவிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. அன்று மக்கள் உண்மையில் வாங்கியும் கேட்டும் வந்த பாடல்களையும், இன்று அவர்கள் கேட்கும் பாடல்களையும் எடுத்து, பட்டியலோடு பட்டியலை வைத்து ஒப்பிட வேண்டும். உலகில் இதற்கு வசதியான நாடு அமெரிக்கா. 1958 ஆகஸ்ட் 4 முதல் 'ஹாட் 100' என்ற பட்டியல் அங்கே வாரம் தவறாமல் வெளிவருகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் விற்பனைப் பட்டியல்கள் உண்டு. ஆர்ச்சீஸும் பீட்டில்ஸும் அந்தப் பட்டியலில் ஒன்றாகவே இருக்கிறார்கள். கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஆய்வாளர்கள் பலர் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி அளந்திருக்கிறார்கள். அந்த அளவைகளை நேர்மையாகப் படித்தால், புகார் முழுக்கப் பிரமை அல்ல என்பது தெரியும். புகார் சொல்பவர்கள் காட்டும் குற்றவாளி வேறு, உண்மையான காரணம் வேறு என்பதும் தெரியும்.

முதலில் மெட்டு. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேட்லின் ஹாமில்டனும் மார்கஸ் பியர்ஸும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, 1950 முதல் ஆண்டுதோறும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்த அமெரிக்கப் பாடல்களின் குரல் மெட்டுகளை மட்டும் தனியே பிரித்துச் சுரப்படுத்தி அளந்தது. அடுத்து எந்தச் சுரம் வரும் என்று ஊகிப்பது எவ்வளவு கடினம், சுரங்களின் கால அளவுகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பவைபோன்ற கணக்குகள் அதில் இருக்கின்றன. எழுபது ஆண்டுகளில் மெட்டின் சிக்கல் படிப்படியாகக் குறைந்திருக்கிறது. அந்தச் சரிவும் சீரானதல்ல. 1975ஐயும் 2000ஐயும் ஒட்டி இரண்டு பெரிய இறக்கங்கள், 1996இல் சிறியதாக ஒன்று. ஆனால் ஒரு விநாடிக்குள் பாடப்படும் சுரங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அதாவது, இன்றைய பாடகர் வேகமாகப் பாடுகிறார். ஆனால் குறைவான சுரங்களுக்கு இடையே, எளிதில் ஊகிக்கக்கூடிய தடத்தில் பாடுகிறார்.

இது தனித்து நிற்கும் முடிவல்ல. ஸ்பெயினின் ஜோன் செர்ராவும் உடன் ஆய்வாளர்களும் 2012இல், 1955 முதல் 2010 வரையிலான 4,60,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு சுரக்கூட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் விதங்கள் குறைந்துவிட்டன, ஒலியின் நிறங்கள் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன, பதிவின் சத்தம் கூடிக்கொண்டே போகிறது என்பவை அவர்கள் கண்டவை. பாடல் வரிகளை எடுத்துக்கொண்டால், ஐந்து இசை வகைகளைச் சேர்ந்த 12,000க்கும் மேற்பட்ட ஆங்கிலப் பாடல்களை அலசிய 2024ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு, ஐம்பது ஆண்டுகளில் சொல்வளம் எளிமையாகி, திரும்பத் திரும்ப வரும் வரிகள் பெருகியதைக் காட்டியது. பாட்டின் கடைசிப் பகுதியில் ஆதார சுருதியை ஒரு படி ஏற்றிப் பாடும் பழக்கத்தையும் இதோடு சேர்க்கலாம். 1990 வரை முதலிடம் பெற்ற அமெரிக்கப் பாடல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் ஏதோ ஒரு சுருதி மாற்றம் இருந்தது. 2010களில் அது அநேகமாக மறைந்துவிட்டது. இந்தக் கடைசிச் செய்தியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரக்குத் தீர்ந்துபோன பாட்டுக்கு உசுப்பேற்ற அந்த உத்தியைப் பயன்படுத்தியவர்களும் அன்று ஏராளம்.

எதிர்த்திசையில் நிற்கும் ஆய்வையும் இங்கே வைத்தாக வேண்டும். மத்தியாஸ் மாவ்ச், ஆர்மண்ட் லெராய் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, 1960 முதல் 2010 வரை 'ஹாட் 100'இல் இடம்பெற்ற ஏறக்குறைய 17,000 பாடல்களிலிருந்து முப்பது விநாடித் துண்டுகளை எடுத்து, அவற்றின் சுரக்கூட்டுகளையும் ஒலி நிறங்களையும் அளந்தது. இடைவிடாத சரிவு எதையும் அவர்கள் காணவில்லை. 1964, 1983, 1991 என மூன்று புரட்சிகளைக் கண்டார்கள். பன்மை மிகக் குறைந்திருந்த ஆண்டு 1986. டிரம் இயந்திரங்களும் சிந்தசைசர்களும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே முகத்தைக் கொடுத்த காலம் அது. பிறகு ராப் வந்ததும் பன்மை மீண்டது. இதை செர்ராவின் முடிவுக்கு நேர் எதிர் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஆய்வுகள் ஒரே பொருளை அளக்கவில்லை என்பதே சரி. மாவ்ச் குழு பட்டியலில் ஏறிய பாடல்களை மட்டும் எடுத்து, பாட்டின் மொத்த ஒலித்தோற்றத்தைப் பார்த்தது. ஹாமில்டனும் பியர்ஸும் வாத்தியங்களையும் தாளத்தையும் ஒதுக்கிவிட்டு, குரல் பாடும் கோட்டை மட்டும் பார்த்தார்கள். ஆக, 'இசை சீரழிந்தது' என்ற பெரிய வாக்கியத்தைச் சான்றுகள் தாங்காது. 'மெட்டு மெலிந்தது' என்ற சிறிய வாக்கியத்தைத் தாங்கும். எனக்கு இந்தச் சிறிய வாக்கியம் போதும். அதற்குள் பேசவேண்டியது நிறைய இருக்கிறது.

மெலிவுக்குக் காரணம் பாடலாசிரியர்களின் திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை. மெட்டின் மேல் இருந்த சுமை வேறிடத்துக்கு மாறிவிட்டது என்பதே காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாட்டு வணிகம் என்பது காகித வணிகம். நியூயார்க்கின் 'டின் பேன் ஆலி'யில் எழுதப்பட்ட பாட்டு, அச்சடித்த சுரத்தாளாக விற்றது. வாங்கியவர்கள் வீட்டுப் பியானோவில் வாசித்து, குடும்பத்தோடு பாடினார்கள். அங்கே இசைக்குழு கிடையாது, பாடகரின் புகழும் இல்லை. தாளில் இருந்த மெட்டும் சொல்லுமே அந்தப் பாட்டின் மொத்தச் சொத்து. வானொலியும் இசைத்தட்டும் வந்த பிறகும் இந்த ஒழுங்கு பல ஆண்டுகள் நீடித்தது. ஒரே பாட்டை நான்கைந்து பாடகர்கள் தனித்தனியே பதிவுசெய்வார்கள். எவர் குரலில் கேட்டாலும் நிற்கிற மெட்டுக்குத்தான் வருமானம். ஜார்ஜ் கெர்ஷ்வினும் கோல் போர்ட்டரும் எழுதியவை இன்றுவரை ஜாஸ் கலைஞர்களுக்கு மூலப்பொருளாக இருப்பது இதனால்தான். எவர் கைக்குப் போனாலும் தாங்கும்படி அவை கட்டப்பட்டவை.

பல தடப் பதிவு வளர்ந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. பாட்டு என்பது தாளில் இருக்கும் மெட்டு என்ற நிலை போய், குறிப்பிட்ட ஒரு பதிவே பாட்டு என்றானது. கிதாரின் கரகரப்பு, முரசின் எதிரொலி, குரலில் மூச்சு வாங்கும் ஓசை எல்லாம் பாட்டின் உடல் ஆயின. 1980இல் லின் நிறுவனத்தின் டிரம் இயந்திரம், 1983இல் மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று இணைக்கும் 'மிடி' முறை, 1991இல் கணினியிலேயே பதிவுசெய்யும் 'ப்ரோ டூல்ஸ்', 1997இல் பாடகரின் சுருதியைத் திருத்தும் 'ஆட்டோ-டியூன்' என அடுத்தடுத்து வந்தவை இந்த மாற்றத்தை முடித்துவைத்தன. இன்றைய வழக்கத்தில் பெரும்பாலும் 'பீட்' முதலில் பிறக்கிறது. ஒருவர் தாளத்தையும் சுரக்கூட்டையும் லூப்பாகச் சுற்றவிட்டு அனுப்ப, வேறொருவர் அதன் மேல் குரல் மெட்டை ஒட்டுகிறார். நான்கு சுரக்கூட்டுகள் விடாமல் சுழலும்போது, அவற்றின் மேல் நெடுந்தூரம் பயணிக்கும் மெட்டுக்கு இடம் குறைவு. இடம் இருந்தாலும் அதற்கு அவசியமில்லை. கேட்பவரைப் பிடித்து நிறுத்தும் வேலையைத் தாளமும் ஒலிநயமும் செய்துவிடுகின்றன. ஹாமில்டன்–பியர்ஸ் ஆய்வு காட்டும் 2000ஆம் ஆண்டு இறக்கம், கணினிப் பதிவும் ஹிப் ஹாப்பும் மைய நீரோட்டத்தைப் பிடித்துக்கொண்ட காலத்தோடு பொருந்துவது தற்செயல் என்று தோன்றவில்லை.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழும்: சிக்கல் குறைந்தால் தரம் குறைந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது. மூன்றே சுரக்கூட்டுகளுக்குள் நிற்கும் புளூஸ் இசை, அமெரிக்கா உலகுக்குத் தந்த பெருங்கொடைகளில் ஒன்று. ராப் பாடலை மெட்டின் அளவுகோலால் அளப்பது பறையை ராகத்தால் அளப்பதற்கு ஒப்பு. அதன் நுட்பம் சொல்லின் எதுகையிலும், தாளத்துக்கு முன்னும் பின்னும் சொல் விழும் இடத்திலும், ஒலிகளை அடுக்கும் விதத்திலும் இருக்கிறது. 2018இல் கென்ட்ரிக் லாமாரின் 'டேம்' தொகுப்புக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் ஆகிய இரண்டுக்கும் வெளியே அந்தப் பரிசைப் பெற்ற முதல் படைப்பு அது. இதையெல்லாம் முழுமனதோடு ஏற்கிறேன். ஒலியைச் செதுக்கும் கலையில் இன்றைய வெகுஜன இசை 1960களைவிடப் பல மடங்கு முன்னேறியது. ஆனாலும் மெட்டின் மெலிவை வெறும் இடமாற்றம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பாட்டின் மற்ற உறுப்புகள் இயந்திரம் இருக்கும் இடத்தில்தான் உயிரோடு இருக்கும். மெட்டை, இசை படிக்காதவர்கள்கூட அடுப்படியிலும் வயலிலும் எந்தக் கருவியும் இல்லாமல் பாடிக்கொள்ளலாம். தாலாட்டு பாட ஸ்பீக்கர் தேவையில்லை. வெகுஜன இசை கேட்பதற்குரிய பொருளாக வளர்ந்து, பாடுவதற்குரிய பொருளாகக் குறைகிறது என்றால், வெகுஜனங்கள் ஒன்றை இழக்கிறார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட வேறு ஏதோ கிடைத்திருக்கலாம். அதனால் இழப்பு இல்லாமல் போகாது.

அடுத்த ஆட்சேபம் மனம் பற்றியது. நாம் இளமையில் கேட்டவைதானே நமக்கு இனிக்கின்றன? இதுவும் அளக்கப்பட்ட விஷயம். 1989இல் மோரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷின்ட்லர் ஆகிய இருவரும் 1932 முதல் 1986 வரையிலான 28 பாடல்களைப் பல வயதினருக்கும் போட்டுக்காட்டி மதிப்பெண் கேட்டார்கள். ஏறத்தாழ இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் புகழ்பெற்றிருந்த பாடல்களே அவரவர்க்கு மிகவும் பிடித்திருந்தன. முதியவர்களின் ஏக்கத்தில் பெரும்பங்கு இளமைக்கான ஏக்கம் என்பதை இது நிறுவுகிறது. ஆனால் கரோல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறது. இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்குத் தங்கள் காலப் பாடல்களோடு, தம் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாடல்களும், தாத்தா பாட்டி காலத்துப் பாடல்களும்கூடத் தனியாகப் பிடித்திருந்தன. வீட்டில் ஒலித்த இசை தலைமுறை தாண்டி இறங்குகிறது. கேட் புஷ் 1985இல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' ஒரு தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்றதும் 2022இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதற்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அது வெளிவந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். இளைஞர்களின் காது கெட்டுவிட்டது என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

'எல்லாத் தலைமுறையும் இப்படித்தான் புலம்பியது' என்பது மூன்றாவது ஆட்சேபம். உண்மைதான். 1921இல் அமெரிக்காவின் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' ஜாஸ் இசை மக்களைப் பாவத்துக்கு இழுக்கிறதா என்று கேட்டுக் கட்டுரை வெளியிட்டது. 1941இல் தத்துவ அறிஞர் தியோடர் அடோர்னோ வெகுஜனப் பாட்டை அச்சில் வார்த்த சரக்கு என்றார். அவர் அப்படிச் சொன்னது நாம் இன்று பொற்காலம் என்று போற்றும் ஸ்விங் இசையை. இந்தப் புலம்பல்களில் கறுப்பினத்தவர் மீதான வெறுப்பு கலந்திருந்ததையும் மறைக்க முடியாது. ஜாஸ், ராக் அண்ட் ரோல், ராப் மூன்றும் அவர்களிடமிருந்து வந்தவை, மூன்றும் வசைபாடப்பட்டவை. நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதன் இடத்தைச் சுருக்கினார். 'பைஜு பாவ்ரா', 'தூக்குத் தூக்கி', 'மிஸ்ஸியம்மா' எல்லாம் வந்த காலம் அது. நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். இந்திக்கு 'பினாகா கீத்மாலா', தமிழுக்கு எஸ்.பி. மயில்வாகனன் குரல் என்று கொழும்பு இந்தியக் காதுகளைக் கொள்ளைகொண்டது. 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி அரசு தன் பிடியைத் தளர்த்த வேண்டிவந்தது. ஆனால், முன்பு பலர் பொய்யாகக் கூவினார்கள் என்பதால் இப்போது கூவுவதும் பொய் என்று முடிவுகட்டுவது தர்க்கமாகாது. ஒவ்வொரு புகாரையும் அதனதன் சான்றோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். கேஸ்கரிடம் அளவை இல்லை. அபிப்பிராயமும் அதிகாரமும்தான் இருந்தன.

கேஸ்கர் கதை இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. எது பாடப்படுகிறது என்பதோடு, எது நம்மை வந்தடையும் என்று தீர்மானிப்பவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். சமூகவியலாளர்கள் ரிச்சர்ட் பீட்டர்சனும் டேவிட் பெர்கரும் 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, 1948 முதல் 1973 வரையிலான அமெரிக்கப் பட்டியல்களை ஆராய்ந்தது. சில பெரிய நிறுவனங்களின் கையில் சந்தை குவியும்போது இசையின் பன்மை சுருங்குகிறது. பிடி தளரும்போது பெருகுகிறது. 1955ஐ ஒட்டி ராக் அண்ட் ரோல் வெடித்தது, திடீரென்று ஒரு தலைமுறைக்கு மேதைமை வந்துவிட்டதால் அல்ல. தொலைக்காட்சி வந்து வானொலியின் பெரிய விளம்பரதாரர்களைக் கொண்டுபோய்விட்டது. ஊருக்கு ஊர் சிறு வானொலி நிலையங்கள் முளைத்தன. அவை ஒலிபரப்பப் பாட்டு தேவைப்பட்டது. உடையாத, எடை குறைந்த 45 ஆர்.பி.எம். இசைத்தட்டை அஞ்சலில்கூட அனுப்ப முடிந்தது. மெம்பிஸின் சன், சிகாகோவின் செஸ் போன்ற சிறு கம்பெனிகள் எல்விஸையும் சக் பெர்ரியையும் ஊரறியச் செய்தன. நாம் பொற்காலம் என்று அழைக்கும் அந்த இசை, திறந்த கதவு வழியே வந்தது. அந்தக் கதவு தூய்மையானதும் அல்ல. பாட்டை ஒலிபரப்ப வானொலி அறிவிப்பாளர்கள் லஞ்சம் வாங்கிய ஊழல் 1959இல் அம்பலமாகி, அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் வேலை இழந்தார். ஆனால் லஞ்சம் வாங்க ஆயிரம் பேர் இருந்தார்கள் என்பதே, தீர்மானிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள் என்பதற்கும் சான்று.

அந்த ஆயிரம் பேர் சிலராகச் சுருங்கினார்கள். 1996இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் நாற்பது வானொலி நிலையங்களே வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. சில ஆண்டுகளில் 'கிளியர் சேனல்' என்ற ஒரே நிறுவனத்திடம் சுமார் 1,200 நிலையங்கள் சேர்ந்தன. பல ஊர் வானொலிகள் மையத்தில் தயாரான ஒரே பட்டியலை ஒலிபரப்பின. மெட்டின் இரண்டாவது பெரிய இறக்கம் அடுத்த சில ஆண்டுகளிலேயே வருகிறது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிறுவ இது போதாது. தொழில்நுட்பமும் அதே காலத்தில் மாறியதை மேலே பார்த்தோம். இரண்டும் ஒரே திசையில் தள்ளின என்பது மட்டும் தெளிவு. 'இன்று பாட்டைத் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன். டெட்ராயிட்டின் மோடவுன் நிறுவனத்தைத் தொடங்கிய பெரி கோர்டி, தான் வேலைபார்த்த கார் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையைப் பார்த்துத்தான் தன் முறையை அமைத்தார். அங்கிருந்து வந்தவர்கள்தாம் ஸ்டீவி வொண்டரும் மார்வின் கேயும். தொழிற்சாலை இருப்பதால் பாட்டு கெடுவதில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே தொழிற்சாலை என்றாகும்போது கெடுகிறது.

இணையம் இந்தக் கதவை மறுபடி திறந்துவிட்டதே என்று கேட்கலாம். ஒரு பக்கம் அது உண்மை. 2019இல் 19 வாரம் 'ஹாட் 100'இல் முதலிடத்தில் இருந்த 'ஓல்ட் டவுன் ரோட்', லில் நாஸ் எக்ஸ் என்ற முகம் தெரியாத இளைஞர் இணையத்தில் 30 டாலருக்கு வாங்கிய பீட்டின் மேல் பாடியது. எந்தக் கம்பெனியின் தயவும் தொடக்கத்தில் இல்லை. பாட்டின் முதல் வடிவத்தின் நீளம் 1 நிமிடம் 53 விநாடி. அந்த நீளத்துக்கு ஒரு பொருளாதாரம் உண்டு. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் முப்பது விநாடி கேட்டால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஐந்து நிமிடப் பாட்டை முழுதாகக் கேட்டாலும் அதே ஒன்றுதான். ஆகவே முதல் முப்பது விநாடிக்குள் நேயரைப் பிடித்துவிட வேண்டும், சுருக்கமாக முடிக்க வேண்டும், மறுபடி கேட்கவைக்க வேண்டும். மெல்ல விரிந்து மூன்றாவது நிமிடத்தில் மலரும் மெட்டுக்கு இந்தக் கணக்கில் ஊதியமே இல்லை. 78 ஆர்.பி.எம். இசைத்தட்டும் பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடைத்ததுதான். ஆனால் தட்டை வாங்கிய பிறகு நேயர் முழுப்பாட்டையும் கேட்டார், நடுவில் தாண்டிப் போவதற்கு அவர் விரல்நுனியில் வேறு பாட்டு இல்லை.

இந்தச் சேவைகளுக்கு இப்போது நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய ஒலித்தடங்கள் வந்து சேர்கின்றன. அவ்வளவையும் எந்த மனிதராலும் கேட்க முடியாது; எனவே எண்ணிக்கையே வழிகாட்டியாகிறது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட சோதனை இதன் விளைவைக் காட்டுகிறது. அறிமுகமற்ற குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எதை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்பதைச் சிலருக்குக் காட்டினார்கள், சிலருக்குக் காட்டவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் நடுவே, புகழ்பெற்ற பாட்டு மேலும் புகழ்பெற்றது, மற்றவை மூழ்கின. எந்தப் பாட்டு மேலே வரும் என்பது நேயர்களின் குழுவுக்குக் குழு மாறியது. மிக நல்ல பாட்டு அநேகமாக அடியில் போகவில்லை, மிக மோசமானது அநேகமாக மேலே வரவில்லை. இடைப்பட்ட அத்தனைக்கும் அதிர்ஷ்டமே தீர்ப்பு. நல்ல இசை எங்கோ இருக்கிறது, தேடுபவர்களுக்குக் கிடைக்கும் என்று சொல்வது உண்மை. தேட நேரமும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இது பொற்காலமேதான். ஆனால் வெகுஜன இசையின் பெருமையே, தேடாதவர்களுக்கும் நல்லது கிடைத்தது என்பதில் இருந்தது. டீக்கடை வானொலியில் யாரும் தேடாமல் வந்து விழுந்த பாட்டுதான் ஓட்டுநரையும் பேராசிரியரையும் ஒரே மெட்டை முணுமுணுக்க வைத்தது. அமெரிக்காவில் இன்று கேட்கப்படும் இசையில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டுக்கும் மேல் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே வெளிவந்த பழையவை. புதிய இசை எல்லோருக்கும் பொதுவான ஒன்றாக இருக்கும் தகுதியை இழந்துவருவதன் அடையாளமாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்த் திரைப்பாட்டைப் பற்றி நம்மிடையே நடக்கும் சண்டையில் இந்த அளவைகளை அப்படியே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. நம் பாட்டு காட்சிக்காகப் பிறப்பது. பல்லவி, இடையிசை, சரணம் என்ற அமைப்பு வேறு. ராகத்தின் உறவு வேறு. வாரந்தோறும் மக்கள் கேட்டதைப் பதிவுசெய்த, 1958 முதல் அறுபடாத பட்டியலும் நமக்கு இல்லை. ஆனாலும் வாதம் மட்டும் குறைவதில்லை. ஜி. ராமநாதனோடு இசை முடிந்தது என்றவர்கள் இருந்தார்கள், விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் மெல்லிசை வந்ததும் அவர்கள் குரல் தேய்ந்தது. 1976இல் 'அன்னக்கிளி', 1992இல் 'ரோஜா' என ஒவ்வொரு திருப்பத்திலும் அதே குரல் வேறு வாயிலிருந்து எழுந்தது. ஒருவர் நினைவுக்கு எதிராக இன்னொருவர் நினைவை நிறுத்தி எத்தனை காலம் வாதாடுவது? பத்தாண்டுக்கு நூறு பாடல் என்று, அன்று நன்றாக ஓடியவற்றையும் ஓடாதவற்றையும் சேர்த்து எடுத்து, மெட்டைச் சுரப்படுத்தலாம். சரணங்களை எண்ணலாம்; ஒரு பாட்டில் குரல் எத்தனை சுரங்களுக்கு ஏறி இறங்குகிறது, இடையிசைக்கு எத்தனை விநாடி, எத்தனை வாத்தியக்காரர்கள் என்று குறிக்கலாம். சுரப்படுத்தத் தெரிந்த மாணவர்கள் நம் இசைக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். பழைய பாட்டுப் புத்தகங்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இசைத்தட்டுகளைத் தனியார் பலர் காத்து வைத்திருக்கிறார்கள். இசைத் துறைகளும் தமிழ்த் துறைகளும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்க வேண்டும். தட்டுகளும், அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த கலைஞர்களும் இன்னும் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.